உடைமையும் ஒளியும்

செஞ்சிக்கருகே தொண்டூரில், தமிழிக் கல்வெட்டோடு விளங்கும் குகையின் கற்படுக்கைகளில் துயின்ற சமண முனிவர், அபரிக்கிரகம் என்னும் பொருள் விழையா விரதம் பூண்டவர். அவர் படுத்த பாறையிலும் கலந்துள்ள சிலிக்கனில் நுண்ணிய பாதை செதுக்கி ஒளியைச் செலுத்தும் வித்தையை ஒரு தேசம் தனதாக்க முயல்வது அவ்விரதத்துக்கு விரோதமாகுமா?

சென்னை ஐ.ஐ.டி.யில், மத்திய மின்னணு அமைச்சகத்தின் ஆதரவோடு ஒரு சிலிக்கன் ஃபோட்டானிக்ஸ் மையம் இம்முயற்சியில் ஈடுபட்டிருக்கிறது. சிலிக்கனோ, 1550 நானோமீட்டர் அகச்சிவப்பொளியைத் தன்னூடே நடத்துமேயன்றித் தானாக எளிதில் ஒளியைப் பிறப்பிக்காது; லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற அந்நியப் பொருளை நாடியே தீரவேண்டும். பூரண சுயசார்பை ஜடப்பொருளே மறுக்கிறது, பிரசங்கிகள் என்ன முழங்கினாலும்!

சமணமோ இல்லறத்தாருக்கு முழுத் துறவை விதிக்கவில்லை. உடைமைக்கு வரம்பு கட்டும் அணுவிரதத்தையே விதித்தது. தேசமும் இல்லறத்தானே. அவ்வரம்பை ஒளிச்சில்லின் வடிவமைப்போடு நிறுத்துவதா, உற்பத்திச்சாலை வரை நீட்டுவதா என்பதே இன்றைய வழக்கு. நீட்டவேண்டுமென்பது என் பட்சம்.