பெல்ட்டின் அருகில் நிற்பவர்

மனிதவள மேலாண்மை, அதாவது ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுவித்தல், ஊதியம் வகுத்தல், அவர்தம் குரலுக்குச் செவிகொடுத்தல் ஆகியவற்றின் தொகுதி, பொதுத்துறையின் செயல்திறனை எவ்வாறு வடிவமைக்கிறது என்பதை, 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் காணலாம். மண்ணை அகழும் இராட்சத இயந்திரம், கரியைச் சுமக்கும் கன்வேயர் பெல்ட், அதை எரிக்கும் கொதிகலன் ஆகியவை ஒரே சங்கிலியாக இயங்குவதால், பெல்ட்டின் உருளையில் எழும் மாற்றொலியை முதலில் கேட்கக்கூடியவர் அதனருகே நிற்கும் தொழிலாளியே. அவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தத் தொழிலாளியா என்பது ஊதியப் பட்டியலுக்குத் தெரியுமே அன்றி இயந்திரத்துக்குத் தெரியாது. பணித்திறன் மதிப்பீடு, அதாவது ஒருவரின் ஆண்டுப் பணியை அளக்கும் முறை, நிரந்தரப் பணியாளரோடு நின்றுவிடுமானால், ஒப்பந்தத் தொழிலாளியின் அந்தச் செவி கணக்கில் வாராது. விபத்தோ இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை: 2020 மே, ஜூலை மாதங்களில் அந்நிறுவனத்தின் இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் இரு வகையினரும் உயிரிழந்தனர்.