முந்தின ஆளின் கோட்

பாவித்த உடுப்புக்குப் புதிய உடுப்பைவிடக் கூடிய விலை கொடுக்கும் வழக்கம் இன்ஸ்ரகிராம் தலைமுறை கண்டுபிடித்ததல்ல. கனடா என்றொரு நாடு உருவாவதற்கு வெகு முன்பே அந்த மண்ணில் அது நடந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தொப்பிக்காரருக்கு பீவர் என்ற விலங்கின் தோல் வேண்டியிருந்தது. சரியாகச் சொன்னால், தோலில் மெத்தென்று ஒட்டிக்கிடக்கும் குறுமயிர். அதை வெந்நீரிலும் ஆவியிலும் இறுக்கினால் மழைக்கு மசியாத தொப்பித் துணி கிடைக்கும். ஆனால் குறுமயிருக்கு மேலே நீண்ட முரட்டு மயிர் நிற்கும். அதைக் களைவது பெரும்பாடு. அந்த நுட்பம் நெடுங்காலம் ரஷ்யரின் கைவசமே இருந்ததால், அமெரிக்கக் காட்டில் பிடித்த தோல் ரஷ்யா வரை போய் வந்ததும் உண்டு.

காட்டிலிருந்த பூர்வகுடிகளுக்கு இதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. அவர்கள் சில தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி போர்த்திக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அப்படிப் போர்த்தினால் முரட்டு மயிர் தேய்ந்து உதிர்ந்துவிடும். வியர்வையும் உடம்பின் எண்ணெயும் ஊறித் தோல் குழைந்துவிடும். தொப்பிக்காரர் கேட்டது அதைத்தான். பிரெஞ்சு வணிகர்கள் போர்த்திக் கழித்த தோலைத் தனித் தரமாகப் பதிந்து, காயவைத்த புதுத் தோலைவிடக் கூடிய விலைக்கு எடுத்தார்கள். பழைய போர்வையைக் கொடுத்து இரும்புக் கத்தியும் செம்புக் கெண்டியும் வாங்கிய மனிதரை ஏமாளி என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணில் ஏமாந்தவர் கடல் கடந்து வந்தவராகவே பட்டிருப்பார். ஒருவருக்குக் கழற்றி எறியும் பழசு, மற்றவருக்குப் பொன். இடையில் துணி மாறவில்லை. அதன் இரு பக்கத்திலும் நிற்கிற ஆட்கள்தான் வேறு.

அந்த வணிகத்துக்காக 1670இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ள்ஸ் பட்டயம் எழுதிக்கொடுத்த ஹட்சன்ஸ் பே கம்பனி, 2025 ஜூன் 1ஆம் திகதி தன் கடைகளை மூடியது. வெள்ளைக் கம்பளியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலப் பட்டை போட்ட அதன் போர்வை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விற்பனையில் இருந்தது. அதை வெட்டித் தைத்த கோட்டை முதலில் வேட்டைக்காரரும் படகோட்டிகளும் போட்டார்கள்; பிறகு பனிச்சறுக்குக்குப் போன நகரத்தார். கடை மூடப்போகிறது என்ற செய்தி வந்ததும் பட்டை போட்ட எதையும் வாங்கச் சனம் வரிசையில் நின்றது. இன்று பழைய உடுப்புக் கடையில் அந்தக் கோட் கிடைத்தால் கண்டெடுத்தவர் அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் காசாளரிடம் போவார். இந்தக் கண்டத்தில் போர்வைக்கு இன்னொரு நினைவும் உண்டு. அது இந்தக் கம்பனியைச் சேர்ந்த கதையல்ல. 1763இல் பிட் கோட்டையை முற்றுகையிட்டிருந்த டெலவெயர் மக்களின் தூதருக்கு, உள்ளேயிருந்த ஆங்கிலேயர் இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் பரிசாகக் கொடுத்தார்கள். அவை பெரியம்மை மருத்துவமனையில் பாவித்தவை. பாவித்த துணியைக் கொடுப்பவர் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள் என்று எண்ணும்போது இதையும் ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியின் கிழக்கு விளிம்பில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. 2015இல் சட்டப்படி அமைந்தது. கனடாவில் இந்த வகையில் முதலாவது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் தொடங்கி மார்க்கம், பிக்கறிங் வழியாக வடக்கே ஏறும் 79 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. ஒருகாலத்தில் கப்பல்களின் பாய்மரத்துக்காக உயரமான பைன் மரங்களை வெட்டி இழுத்த வழி இப்போது நடைபாதை. அந்தப் பாதையின் பெயரிலேயே பாய்மரம் இருக்கிறது. ஜனவரி மாதத்துச் சனி, ஞாயிறுகளில் இந்தப் பாதைகளில் இளையவர்கள் கூட்டமாக நடக்கிறார்கள். எழுபதுகளின் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, தோள் இரண்டளவு பெரிதான ஆண்களின் ட்வீட் கோட், யாரோ ஒரு பாட்டி பின்னிய வட்டக் கழுத்துச் சுவெற்றர், பித்தளைக் கொக்கி வைத்த தோல் பூட்ஸ். எல்லாம் பாவித்த உடுப்புக் கடையில் தேடி எடுத்தவை. நிறம் பார்த்து, காலம் பார்த்துப் பொருத்தியவை. பாதி நேரம் நடை, மீதி நேரம் படப்பிடிப்பு. தலை முதல் கால் வரை எல்லாம் முந்தின நூற்றாண்டு. படம் பிடிக்கிற தொலைபேசி மட்டும் இந்த வருசத்தது.

இதைக் கிண்டல் செய்வது சுலபம் என்பதால் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அழகுக்காக எடுத்த அந்தக் கம்பளி, குளிருக்கும் சரியான துணிதான். கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகக் காட்டாது. உறிஞ்சும்போது சிறிது சூட்டையும் வெளிவிடும். புத்தம்புதிய பருத்தி ஜீன்ஸோடு வருபவர் முழங்கால் வரை பனி ஒட்டி, உருகி, மறுபடி உறைந்து, அரை மணி நேரத்தில் தகரத்தை உடுத்தியவர்போல நடப்பார். ஐம்பது வருசப் பழைய கோட் போட்டவர் கூட்டத்திலேயே சுகமாக இருப்பார். இன்று விற்கிற நடுத்தர விலைக் கோட்டில் அந்தத் தடிப்பான கம்பளியைத் தேடினாலும் கிடைக்காது. லேபிளில் பொலியெஸ்ரர்தான் முதல் வரி.

பூட்ஸ் விசயம் நேர்மாறு. பழைய கடையில் அலமாரியோடு கிடந்த, ஒருநாளும் போடாத மலையேற்றப் பூட்ஸைக் கண்டு ஆசைப்படக்கூடாது. அடிப்பாகத்தில் உள்ள பொலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். பார்வைக்குப் புதுசு, பனியில் இரண்டு கிலோமீற்றர் போனதும் அடி பிட்டுப்போல உதிரும். பழைய மழைக்கோட்டின் உட்பூச்சும் அப்படித்தான், உரித்தால் சருகாக வரும். கம்பளிக்கும் தோலுக்கும் அந்துப்பூச்சியும் பூஞ்சணமும் எதிரி, அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ரசாயனத் துணிக்குக் காலம் எதிரி, அது வெளியே தெரியாது.

பீவர், மின்க் கோட்டுகளும் இந்தப் பாதையில் வருவதுண்டு. விலங்கு செத்து அறுபது வருசமாகிறது, இனி எறிந்தால் என்ன, போட்டால் என்ன என்பது போடுகிறவரின் வாதம். ரூஜ் ஆற்றில் இன்றைக்கும் பீவர்கள் இருக்கின்றன. அவற்றின் கருத்தை யாரும் கேட்டதில்லை.

பாவித்த உடுப்பைத் தேடிப் போட்டுப் படமெடுப்பது ஸ்காபரோத் தமிழருக்குப் புதிதுமல்ல. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். அது கோடை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விமானத்தில் வந்தவர்களில் பலர் ஜனவரியில் இறங்கினார்கள், மெல்லிய சட்டையோடு. அவர்களின் முதல் ஜக்கற் அநேகமாக யாரோ ஒருவரின் பழையது. தேவாலய நிலக்கீழ் அறையில் கிடைத்திருக்கும், சல்வேசன் ஆர்மி கடையில் இரண்டு மூன்று டொலருக்கு எடுத்திருப்பார்கள், முந்தி வந்த நண்பர் கழற்றிக் கொடுத்திருப்பார். கை நீளம், தோள் அகலம். கழுத்துப் பட்டியில் மை பேனாவால் எழுதிய அந்நியப் பெயர். அதைப் போட்டுக்கொண்டு, வேறொருவரின் காரில் சாய்ந்து, பனிக்குள் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் அந்தப் படம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. ஜக்கற்றின் வரலாற்றை யாரும் எழுதி அனுப்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அந்தப் படத்தையும் இன்று ரூஜ் பாதையில் எடுக்கும் படத்தையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அதே அளவு பொருந்தாத தோள், அதே பனி, அதே மாதிரிக் கமராவைப் பார்க்காத பார்வை. ஒருவர் பழசு என்பதை மறைக்க நின்றார். மற்றவர் பழசு என்பதை எழுதியே போடுகிறார், எந்தக் கடை, என்ன விலை என்பதோடு. புதிது வாங்க முடிந்தவர் பழசை எடுத்தால் அது ரசனை. முடியாதவர் எடுத்தால் அது நிலைமை. ரசனையைக் குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் அதற்கு ஒரு வங்கிக் கணக்கு முன்நிபந்தனையாக இருக்கிறது என்பதையும் மறந்துவிட முடியாது.

நம்மவரின் கூச்சம் வறுமையிலிருந்து மட்டும் வந்ததல்ல. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் பழைய உடுப்பு எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கியது. வீட்டுக்காரர் கழித்த வேட்டி வீட்டில் வேலை செய்தவருக்கு. இறந்தவரின் துணி, சாவுச் சடங்குக்கு ஊழியம் செய்ய வந்தவருக்கு. அண்ணனின் காற்சட்டை தம்பிக்குப் போவது வேறு, அது குடும்பத்துக்குள். வெளியாளின் பழந்துணியை வாங்கும் கை எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்ல வாய் வேண்டியதில்லை, துணியே சொல்லிவிடும். தரும் வழக்கத்தை ஈகை என்று பெருமையாகப் பேசிய சமூகம், வாங்குகிறவர் முகத்தைப் பார்த்ததில்லை. கனடாவில் முதன்முறையாக வாங்கும் பக்கத்தில் நிற்க நேர்ந்தபோதுதான் அந்த முகம் எப்படியிருக்கும் என்பது சிலருக்காவது தெரிந்தது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு நாடெங்குமிருந்து பாரம் பாரமாகப் பழைய துணி வந்தது. அந்த வெயிலுக்கும் அந்த வாழ்வுக்கும் பொருந்தாதவை, கிழிந்தவை, அழுக்கானவை. எல்லாவற்றையும் இழந்திருந்த மீனவக் குடும்பங்கள் அதைத் தொட மறுத்தன. சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்தது. கூஞ்ச் என்ற அமைப்பு பிற்பாடு அந்தக் குவியல்களை அள்ளித் தரம் பிரித்து உபயோகமாக்க முயன்றது. கொடுத்ததை வாங்காத திமிர் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒன்றுதான் அந்த மக்களிடம் மிஞ்சியிருந்தது, அதை அவர்கள் பாவித்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

கனடாவில் நன்கொடைப் பெட்டிக்குள் போடுகிற உடுப்பின் பயணம் போடுகிறவருக்குத் தெரியாது. தர்மம் செய்ததாக நினைத்துக்கொண்டு போவார். பாவித்த உடுப்பு விற்கும் வலியு வில்லேஜ் கடைகளை நடத்தும் நிறுவனம் 2023இல் நியூயோர்க் பங்குச்சந்தையில் ஏறிய இலாப நிறுவனம். தர்ம அமைப்புகளிடமிருந்து துணியை எடைக் கணக்கில் வாங்குகிறது. கடையில் விற்காதது பொதியாகிறது. ரொறன்ரோவுக்கு மேற்கே மிஸிசாகாவில் அதைத் தரம் பிரித்து ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அனுப்பும் கிடங்குகள் இருக்கின்றன. அந்தத் தொழிலில் தெற்காசியர்கள் நிறையப்பேர். போட முடிந்த பழைய உடுப்பை இந்தியாவுக்குள் தாராளமாக இறக்க முடியாது, கட்டுப்பாடு உண்டு. வெட்டிக் கந்தலாக்கினால் வரலாம். அப்படி வரும் கம்பளிக் கோட்டுகள் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாகப் பானிப்பட்டுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணை போன்ற நிமிர்ந்த கத்தியில் கோட்டை இழுத்துப் பொத்தானையும் உட்துணியையும் பிரிக்கிறார்கள். மிச்சம் அரைபட்டு, நூலாகி, மலிவுப் போர்வையாகிறது. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் நிவாரணமாக ஒருகாலத்தில் கொடுத்தது பெரும்பாலும் இந்த வகைப் போர்வைகளைத்தான்.

மேக்னா குப்தா 2012இல் எடுத்த ‘அன்ராவல்’ என்ற சிறு ஆவணப்படத்தில் பானிப்பட்டுப் பெண்கள் அந்தக் கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல உடுப்பை ஏன் எறிகிறார்கள் என்று யோசிக்கிறார்கள். அந்த நாடுகளில் தண்ணீருக்குப் பஞ்சமாக இருக்க வேண்டும், துவைப்பதைவிட எறிவது மலிவு போல என்பது அவர்கள் ஊகம். உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்றின் கரையில் வாழும் ரொறன்ரோக்காரருக்கு இந்த ஊகம் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதைவிடப் புத்திசாலித்தனமான காரணம் எதையும் அவரால் சொல்ல முடியாது.

விலை இப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. நல்ல கம்பளி, நல்ல தோல் எது என்று கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டது. ரொறன்ரோவின் கென்சிங்டன் சந்தையிலுள்ள விண்டேஜ் கடைகளில் தொங்கும் கோட்டின் விலைச்சீட்டைப் பார்க்கிற புதுக் குடிவரவாளர், புதுசு விற்கும் மலிவுக் கடைக்கே திரும்பிப் போய்ப் பொலியெஸ்ரர் ஜக்கற் ஒன்றை எடுக்கிறார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. புதுசு என்பது அவருக்கு இன்னும் புதுசு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ரூஜ் நடைக்கென்று பேத்தி ஒரு நீளக் கோட் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அம்மம்மா தள்ளி நின்றே பார்த்தார்.

“ஆரோ செத்த ஆளின்ர உடுப்பாய் இருக்குமடி.”

“இருக்கலாம் அம்மம்மா. இப்ப அதுதான் ஸ்ரைல்.”

கிழவி கிட்ட வந்து உட்பக்கத்தைப் பிரித்தார். தையலைப் பார்த்தார், பொத்தான்களை இழுத்துப் பார்த்தார், துணியை இரண்டு விரலுக்கிடையில் உரசினார். துணி நல்ல துணிதான் என்று ஒப்புக்கொண்டார்.

“எவ்வளவு குடுத்தனீ?”

“நூற்றி நாப்பது டொலர்.”

“எண்பத்தெட்டிலை சேர்ச்சிலை இப்பிடி ஒண்டைச் சும்மா தந்தவை. வேண்டாம் எண்டிட்டு, அந்த விண்ரர் முழுக்கச் சுவெற்றரோடை பஸ்ஸுக்கு நிண்டனான்.”

“ஏன் அம்மம்மா வேண்டாமெண்டனீங்கள்?”

“புதுசு வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தனான்.”