சம்மன் வந்த பின்

 

நான் ஆலிமல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. ஆயினும் கடைக்கு வந்த ஒரு காகிதம் என்னை மீண்டும் ஓதவைத்தது.

ஜொகூர் பாருவில் சரக்கெடுத்து, மஃரிபுக்குள் யோங் பெங் சேர வேண்டுமென்று வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் காரை விரட்டினேன். எல்லை 110 கிலோமீட்டர். நான் 130ஐத் தாண்டிவிட்டேன். தொழுகைக்காகத்தானே என்று மனம் சமாதானம் சொல்லிற்று. வழியில் ஓய்விடத்துச் சூராவில் தொழுதிருக்கலாமே! 2012 செப்டம்பரில் இந்நாட்டில் இயங்கத் தொடங்கிய கேமராமுறை என்னைப் பிடித்தது. சம்மன் வந்தது.

அந்தக் கேமரா வண்டியின் நம்பரைத்தான் அறியும். ஆகவே காகிதம் வண்டிக்கு உடையவருக்கு வரும். ஓட்டியவர் யாரென்று அதிகாரிகள் கேட்டால், 1987ஆம் வருடத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி உடையவர் சொல்லியாக வேண்டும். வேகத்தின் கணக்கு அத்தோடு நின்று, சாட்சியத்தின் கணக்கு துவங்குகிறது.

“கடைப் பையன் பேரைக் கொடுத்துவிடுங்கள், பாய். பணத்தை நீங்கள் கட்டிவிட்டால் அவனுக்கென்ன நஷ்டம்?” என்றார் நண்பரொருவர். பையனைக் கேட்டேன். “சரி, முதலாளி” என்றான். நம்மிடம் சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்? குற்றப்புள்ளி அவன் லைசென்சில் ஏறும். புள்ளிகள் பெருகி லைசென்சு போனால் பிழைப்பும் போகும். தராசில் ஒரு குந்துமணி குறைந்தால் பதறுகிற நாம், ஒருவன் பேரையே எடுத்துக்கொள்ளத் துணிகிறோம். இது அடியாருடைய ஹக்கல்லவா?

பெரும்பாவங்களைச் சொல்லி வந்த நபி பெருமானார் (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்தவர்கள், பொய்ச்சாட்சியம் என்றதும் நிமிர்ந்து அமர்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டுமென்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் மார்கஸ் ஐன்ஃபெல்டு என்று ஒரு முன்னாள் நீதிபதி. மனித உரிமை ஆணையத் தலைவராகவும் இருந்தவர். 2006 ஜனவரியில் சிட்னியில், 50 கிலோமீட்டர் எல்லையில் 60ல் போனதாகக் கேமரா பிடித்தது. அபராதம் 77 டாலர்தான்! காரைப் பேராசிரியை ஒருவருக்கு இரவல் கொடுத்திருந்ததாகக் கோர்ட்டில் சத்தியம் செய்தார். அந்த அம்மையாரோ 2003லேயே இறந்துவிட்டவர். ஒரு பொய்யைக் காக்க வேறு பொய்கள் சொல்லி, 2009ல் மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார். எத்தனையோ சாட்சிகளை விசாரித்தவர்!

முன்பே பணியாள் பேரைக் கொடுத்தவர்கள் நம்மில் இருக்கலாம். பள்ளியில் கையேந்தித் தவ்பா செய்வதோடு அது தீராது. முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு வக்கீலைக் கலந்து, எழுதிக்கொடுத்ததைத் திருத்த வேண்டும். வெட்கந்தான், மஹ்ஷரில் அவன் நம் சட்டையைப் பிடிப்பதைவிடக் குறைந்த வெட்கம்.

2026 ஜனவரி 1 முதல், 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தள்ளுபடி. 30 நாளுக்குள் மூன்றிலொரு பங்கு. 60 நாள் கடந்தால் கோர்ட்டு. நான் என் பேரிலேயே பாதியைக் கட்டிவிட்டேன். ரசீதைக் காட்டியபோது பையன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.