கல் கணக்கு

விடியுமுன் தூத்துக்குடி பீச் ரோட்டில் நடக்கிறேன். ஒரு பக்கம் பனிமய மாதா கோயில், மறுபக்கம் கடல். இங்கே ஒரு சிற்றரசு இருந்தது என்று சொன்னால், கோட்டை எங்கே என்று கேட்பார்கள். கோட்டை கிடையாது.

*

இந்தக் கரையில் முத்துக் குளித்த பரதவர்களின் தலைவருக்குச் சாதித் தலைவன் என்று பெயர். பாண்டியபதி என்பது பட்டம். வேம்பார் முதல் மணப்பாடு வரை ஏழு கடற்துறையும் அவர் சொல் கேட்டன. 1530களில் முத்துச் சிப்பி கிடைக்கும் கடலடிப் பாருக்கு நடந்த சண்டையில் போர்த்துகீசியரின் துணை தேடி, பரதவர்கள் துறை துறையாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். கொடி எதுவானாலும், சலாபம் என்கிற முத்துக் குளிப்பு நடக்க தலைவரின் தயவு வேண்டியிருந்தது. குளிக்கிற ஆள் அவரிடம்தானே இருந்தான்.

*

டச்சுக்காரர் வரி போட்டது கல்லை எண்ணி. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரியில்லாத கற்கள் உண்டு. ஏக்கர் கணக்கு செல்லாத ராஜ்யம்.

கல் என்றால் குளிக்கிறவன் கால் நுழைக்கும் கல். மூக்கைப் பொத்திக்கொண்டால் கல் அவனைக் கீழே கொண்டுபோகும். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவான். மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். ஒரு நிமிடம் போல, கிடைத்த சிப்பியெல்லாம் பைக்குள். கயிற்றைச் சுண்டினால் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலி அவனுக்கு ஞாபகம் இருக்குமே.

*

1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இங்கிருந்து அதிக தூரமில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1806இல், சாதித் தலைவர் தொன் கபிரியேல் மாதாவுக்குப் பொன் தேர் செய்து ஓடவிட்டார். பக்தி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு வருஷங்களையும் சேர்த்துத்தான் நினைக்க வருகிறது. இடிக்கக் கோட்டை இல்லாதவர், தன் ஜனத்தையெல்லாம் ஒரே வடத்தில் நிறுத்திக் காட்டினார்.

*

1961க்குப் பிறகு இங்கே சர்க்கார் சலாபம் நடக்கவில்லை. பாரில் சிப்பி இல்லை, எண்ணக் கல்லும் இல்லை. பட்டமும் பேச்சில் மட்டும் மிஞ்சியது.

2023 ஆகஸ்டில் பொன் தேர் ஓடியது. நெரிசலில் நானும் வடத்தைப் பிடித்தேன். முன்னால் இழுத்தவர் யார், பின்னால் யார், தெரியாது. உள்ளங்கை இரண்டு நாள் எரிந்தது.