ஊதச் சொல்லும் உரிமை

பல்லாவரத்திலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஓர் ஓட்டுநர். முந்தின இரவு குடித்ததில் மிச்சமாக, அவருடைய 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி சாலையில் பைக் ஓட்டி வரும்வரை சட்டம் அவரை ஒன்றும் செய்யாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 30 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்கிறது. வாயிலில் பாஸைக் காட்டி உள்ளே போய், பயணிகளை விமானத்தடிக்கு ஏற்றிச்செல்லும் பேருந்தின் சாவியைக் கையில் வாங்கினால் அவர் குற்றவாளி. அங்கே எல்லை பூஜ்யம்.

விமானிகளுக்கும் கேபின் ஊழியர்களுக்கும் இருந்துவந்த மூச்சுச் சோதனை 2019 செப்டம்பரில் தரைக்கும் இறங்கியது. பராமரிப்புப் பொறியாளர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பெட்டி ஏற்றும் லோடர், எரிபொருள் லாரி ஓட்டுபவர் எல்லோரும் ஊதியாக வேண்டும் என்றது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். தரைப் பணியாளர்களில் குறைந்தது 10 சதவீதம் பேரை ஒவ்வொரு நாளும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பம்மலிலும் அனகாபுத்தூரிலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் குடியிருந்து இந்த நிலையத்தில் உழைக்கும் யாரும் இனி ஏதோ ஒரு நாள் குழாயில் வாய் வைக்கத்தான் வேண்டும்.

ஒருவருடைய மூச்சைக் கேட்க இன்னொருவருக்கு என்ன உரிமை? சந்தேகமே இல்லாதபோது, குற்றம் எதுவும் நடக்காதபோது, உடலுக்குள் இருப்பதைக் காட்டு என்பது சாதாரணக் கோரிக்கை இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னது. அந்த உரிமையில் அரசு கை வைக்கலாம். ஆனால் நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத வழியும் வேண்டும்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோவில் ஏறும்போது டிரைவரிடம் வாடை அடித்தால் இறங்கிவிடலாம். விமானத்தில் விமானியின் முகத்தைக்கூட யாரும் பார்ப்பதில்லை. பிரேக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று ஒருபோதும் தெரியாது. பொழிச்சலூரிலும் கவுல் பஜாரிலும் நிலையச் சுவரை ஒட்டி வாழ்பவர்கள் டிக்கெட்கூட வாங்கவில்லை. ஆபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தாமாகப் பார்த்து விலகிக்கொள்ள முடியாதவர்களின் சார்பில் யாராவது ஒருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இது வெறும் பயம் இல்லை. 1961 ஜனவரி 3 அன்று பின்லாந்தில் ஏரோ நிறுவனத்தின் டிசி-3 விமானம் விழுந்து 25 பேரும் இறந்தார்கள். விமானிகள் இருவருமே குடித்திருந்தது விசாரணையில் தெரிந்தது. 1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜில், உயிருள்ள மாடுகளை ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குக் கிளம்பிய சரக்கு விமானம் எழும்பியவுடனே விழுந்தது. தலைமை விமானி போதையில் இருந்தார். அவரை நிலையத்துக்கு ஏற்றிவந்த டாக்சிக்காரருக்கே சந்தேகம் வந்திருந்தது. கூடப் பறந்தவர்கள் தடுக்கவில்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் சோதனைக்கான மிக வலுவான நியாயம் இருக்கிறது. மேலதிகாரியின் கண் சிவந்திருப்பதைப் பார்க்கும் இளைய விமானி என்ன செய்வார்? 'சார்' என்று பத்து தடவை சொல்லிப் பழகிய வாய், பதினோராவது தடவை 'நீங்கள் பறக்கக் கூடாது' என்று சொல்லிவிடுமா? நம் அலுவலகங்களை அறிந்த எவரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கருவிக்கு சீனியர் ஜூனியர் கிடையாது. கீழே இருப்பவரால் சொல்ல முடியாததை அது சொல்லிவிடுகிறது. 2018 நவம்பரில் டெல்லியிலிருந்து லண்டன் போகவிருந்த ஏர் இந்தியா விமானத்தின் தலைமை விமானி சோதனையில் தோற்றார். அவர் சாதாரண ஆளல்ல, நிறுவனத்தின் விமான இயக்கப் பிரிவுக்கே இயக்குநர். உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. பதவியும் போனது.

கருவியின் நேர்மை அங்கே வென்றது உண்மை. ஆனால் அதே மனிதர், சோதனைக்கு உட்படாமல் நழுவியதாக 2017இல் மூன்று மாதத் தடைக்கு ஆளானவர். அதற்குப் பிறகுதான் அந்த இயக்குநர் நாற்காலியே அவருக்குக் கிடைத்தது. கருவி ஒழுங்காக வேலை செய்தது, ஆட்கள் செய்யவில்லை. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். இந்த விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது ஒற்றாடல். அரசன் தன் அதிகாரிகளையும் உறவினரையும் பகைவரையும் ஒரே மாதிரி வேவு பார்க்கவேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் நீதி. கண்காணிப்பை ஏற்கத்தக்கதாக்குவது அதன் சமத்துவம்தான்.

அந்தச் சமத்துவத்தைத் தரைப் பணியாளர் பக்கம் தேடினால் என்ன கிடைக்கிறது? 2021 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை 42 இந்திய விமான நிலையங்களில் 84 பணியாளர்கள் சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் 54 பேர் ஓட்டுநர்கள். இந்த எண்ணைப் பார்த்து ஓட்டுநர்கள் எல்லாம் குடிகாரர்கள் என்று முடிவு கட்டுவது சுலபம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாஸ்மாக்கில் விற்கும் ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையில் சுமார் 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணின் உடல் அதை முழுக்க எரித்து முடிக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் ஆகும். கடை இரவு 10 மணிக்கு மூடும். மூடும் நேரத்தில் வாங்கிக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவர், காலை 5 மணிக்கு 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விமானிக்கு இந்தக் கணக்கு பயிற்சியிலேயே வந்துவிடுகிறது. பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்ற விதி அவருக்கு மனப்பாடம். வண்டி ஓட்டுபவருக்கு அதை அவருடைய மொழியில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முந்தின நாள் மாலையில் ஷிஃப்டை மாற்றி, 'காலையில் வந்துவிடு' என்று போனில் சொல்லும் சூப்பர்வைசர், ஒழுங்காக இருந்தவரையும் அந்த ஒரு போனில் குற்றவாளியாக்கிவிட முடியும். மதுவை விற்பது மாநில அரசின் நிறுவனம், பூஜ்யம் கேட்பது ஒன்றிய அரசின் இயக்குநரகம் என்பதை இங்கே ஓர் ஓரத்தில் குறித்துவைக்கலாம். இரண்டுக்கும் இடையில் நிற்பவர் ஒரே ஆள்.

பூஜ்யம் என்ற எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் விமானிக்கு எல்லை 0.04 சதவீதம், பிரிட்டனில் 100 மில்லி ரத்தத்துக்கு 20 மில்லிகிராம். குடித்தவரைப் பிடிக்கவும் வேண்டும், குடிக்காதவரை விடவும் வேண்டும் என்பதால் அவர்கள் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். நாம் இடமே விடவில்லை. அதன் விளைவாக 2023இல் டிஜிசிஏ விதியைத் திருத்தி, ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிக்கும் திரவத்தையும் பல் ஜெல்லையும் விமானக் குழுவினர் தொடக்கூடாது என்றது. வரைவில் வாசனைத் திரவியம்கூட இருந்தது. இறுதி விதியில் அதை விட்டுவிட்டார்கள், நல்லவேளை. ரயில்வேயில் இது இன்னும் தூரம் போனது. 2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டம், ரயில் ஓட்டுநர்கள் பணிக்கு வருமுன் இளநீரும் சிலவகைப் பழங்களும் ஹோமியோபதி மருந்தும் கூடாது என்று உத்தரவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் கேரளத்தின் பந்தளம் பேருந்துப் பணிமனையில் பலாச்சுளை தின்றுவிட்டு ஊதிய ஓட்டுநர்களைக் கருவி குடிகாரர்களாகக் காட்டியது. பண்ருட்டிக்காரர்கள் சிரிக்கலாம். மாதச் சம்பளம் அந்தக் கருவியின் திரையில் தொங்கும்போது சிரிப்பு வராது.

அதனால்தான் முதல் முறை கருவி சத்தம் போட்டால் முகம் கழுவி, வாய் கொப்பளித்து, பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊத வாய்ப்புத் தரவேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. வாயில் ஒட்டியிருந்தது போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. இது சலுகை இல்லை. சோதனை நியாயமானதா என்பதே இதில் அடங்கியிருக்கிறது. வாடையும் தள்ளாட்டமும் மட்டும் குடித்ததற்குச் சாட்சியாகாது, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டாவது சோதனை மறுக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் அநீதி இழைக்கப்படுகிறது, அவர் உண்மையிலேயே குடித்திருந்தாலும்கூட.

போதைப்பொருள் சோதனையில் சிக்கல் வேறு மாதிரி. 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேரையாவது திடீர்ச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். மூச்சுக்கருவி இந்த நொடியைக் காட்டும். சிறுநீர்ச் சோதனை கடந்த காலத்தைக் காட்டும். கஞ்சாவின் தடயம் போதை தெளிந்து நாட்கள், சிலருக்கு வாரங்கள் கழித்தும் நிற்கும். ஆகவே அது பணியில் தகுதியாக இருக்கிறாரா என்று கேட்கவில்லை, விடுமுறையில் என்ன செய்தார் என்று கேட்கிறது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து ஒரே நேரத்தில் பல விமானங்களை வழிநடத்துபவரிடம் அதையும் கேட்கலாம் என்பதே இங்கே எடுக்கப்படும் நிலை. பழக்கம் ஒருநாள் பணிநேரத்துக்குள்ளும் வரும். ஆனால் கேள்வி தனிவாழ்க்கைக்குள் எவ்வளவு ஆழமாகப் போகிறதோ, பதிலை அவ்வளவு இரகசியமாக வைத்திருக்க வேண்டும். முதல் சோதனையின் முடிவு ஆய்வகத்தில் உறுதியாகுமுன் ஓய்வறையில் பேச்சாகிவிட்டால், பின்னால் வரும் 'இல்லை' யார் காதிலும் ஏறாது.

இந்த விதியில் பாராட்டத்தக்க ஒன்று உண்டு. போதைப்பொருளில் முதல் முறை சிக்கினால் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டாம் முறை மூன்று ஆண்டு நிறுத்தம். மூன்றாம் முறை உரிமம் ரத்து. மதுவில் சிக்கும் விமானிக்கு முதல் தவறிலேயே மூன்று மாத நிறுத்தம். கொக்கைன் எடுத்தவர் நோயாளி, விஸ்கி குடித்தவர் குற்றவாளி என்ற இந்தப் பிரிவினைக்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. திரும்பி வர வழி இருந்தால்தான் ஆள் தானாக முன்வருவார், இல்லாவிட்டால் ஒளிப்பார். 1990 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் விமானத்தைப் போதையில் ஓட்டிவந்த மூவர் சிறை சென்றார்கள். அவர்களில் தலைமை விமானி குடியிலிருந்து மீண்டு, அதே நிறுவனத்தில் மறுபடி பறந்து, 747 விமானத்தின் கேப்டனாக ஓய்வு பெற்றார். தண்டனையும் மீட்சியும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. நம் ஊருக்கு வசதி இல்லாமலும் இல்லை: அடையாறு இந்திரா நகரில் டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 1980ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. குடிநோய்க்குச் சிகிச்சை தருவதே அதன் வேலை.

சோதிப்பவரைச் சோதிக்கும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல மங்கிவிடுகிறது என்று காட்டியது. 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். நம் சாலைச் சட்டமே அனுமதிக்காத அளவு. தூக்கமின்மையைக் காட்ட வாயிலில் குழாய் எதுவும் இல்லை. விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தும் விதி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, ஒத்திவைக்கப்பட்டு, நீதிமன்றம் வரை போய், 2025இல்தான் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் பெருமளவில் ரத்தானதும் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகத் தளர்வு கிடைத்தது. மூச்சில் பூஜ்யத்திலிருந்து ஒரு புள்ளிகூட இறங்கிவராதவர்கள் தூக்கத்தில் இறங்கினார்கள். ஒருவர் தானே வரவழைத்துக்கொண்ட மயக்கத்துக்குச் சகிப்பே இல்லை. நிறுவனம் பட்டியல் போட்டு உண்டாக்கும் மயக்கத்துக்கு அவகாசம் உண்டு. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் இந்த இரண்டும் ஒரே தராசில் நிற்க வேண்டும்.

ஊதச் சொல்வது தவறில்லை. பயணிக்கும், பொழிச்சலூர்க்காரருக்கும் அது கடன். ஆனால் அந்தக் கடனை ஒப்பந்த லோடரும் டிரைவரும் மட்டும் தம் வேலையால் அடைப்பது நியாயமாகாது. விமானியிடம் உரிமம் இருக்கிறது, தடைக்காலம் முடிந்தால் திரும்பி வருவார். ஒப்பந்தத் தொழிலாளியை நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்ல ஒப்பந்ததாரருக்கு ஒரு போன் போதும். வேலை போனால் பாஸும் போகும். சென்னை விமான நிலையத்தை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். தரைப்பணி ஒப்பந்தங்களில் மூன்று வரிகளைச் சேர்க்க அதற்கு யாரும் தடை இல்லை: இரண்டாவது சோதனையில்லாமல் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது, முதல் தவறுக்குச் சிகிச்சையும் மீண்டும் வேலையும் உண்டு, ஷிஃப்டை 24 மணி நேரத்துக்குமுன் சொல்ல வேண்டும். ஆணையம் அடுத்த டெண்டரிலேயே இதை எழுதட்டும்.