உன் பெயர் என்ன?



ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஈசாக்கு வயது முதிர்ந்து கண் பார்வை மங்கியிருக்கிறார். மூத்தவன் ஏசா வேட்டைக்குப் போயிருக்கும் வேளையில், இளையவன் யாக்கோபு தமையனின் உடையை உடுத்தி, கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டியின் தோலைச் சுற்றிக்கொண்டு தகப்பன் முன் வந்து நிற்கிறான். யார் என்று கேட்டதும் தமையனின் பெயரைச் சொல்கிறான். தமையனுக்குரிய ஆசீர்வாதம் தம்பிக்குப் போய்விடுகிறது. பிறருடைய அடையாளத்தைத் திருடி, அவருக்குரியதைக் கைப்பற்றும் குற்றம் கணினியோடும் கைத்தொலைபேசியோடும் பிறந்ததல்ல. அது வேதாகமத்தின் முதற் புத்தகத்திலேயே இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஈசாக்கு முழுவதும் ஏமாந்துவிடவில்லை. குரலைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படிக் கிடைத்தது என்றும் கேட்டார். ஆனால் தோலைத் தடவிப் பார்த்தார். உடையின் வாசனையை முகர்ந்தார். ருசியான உணவும் முன்னே இருந்தது. காது சொன்ன உண்மையைக் கை சொன்ன பொய் வென்றுவிட்டது. மனத்தில் முதலில் எழுந்த சந்தேகத்தை அவர் பொறுத்திருந்து விசாரிக்கவில்லை. ஏசாவைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தால் போதும், கதை வேறாயிருக்கும்.

புசல்லாவை மக்களாகிய நமக்குப் பெயரின் மதிப்பை வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். நிறுவையில் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்' என்று செக்ரோலில் விழும். ரொத்சைல்ட், சோகம, டெல்டா என்று எந்தத் தோட்டத்துத் தாயைக் கேட்டாலும் அதன் வலியைச் சொல்வாள்.

நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவர் தலையில் ஏற்றப்பட்டிருந்த கடனைக் குறிக்கும் அந்தச் சீட்டும் கூடவே போகும். கணக்கை எழுதியவர் ஒருவர். அதை வாசிக்கத் தெரியாமல் சுமந்தவர் வேறொருவர். 1921ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் அது ஒழிந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து நம் மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்தான் விடிவைத் தந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அத்தனை காலம் காத்திருந்து பெற்ற உரிமையின் சான்றுதான் நம் கையிலுள்ள தேசிய அடையாள அட்டை. அதன் பிரதியை, யாரென்று தெரியாதவர் கேட்டவுடன் நீட்டிவிடலாமா?

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் வேலை என்றோ, நிவாரணத்துக்குப் பெயர் பதிவு என்றோ, குறைந்த வட்டிக் கடன் என்றோ சொல்லி நன்றாக உடுத்திய ஒருவர் லயத்துக்கு வருகிறார். அட்டையைப் படம் பிடிக்கிறார். விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் கையொப்பம் வாங்குகிறார். மாதங்கள் சென்றபின், அவள் கண்ணாலும் காணாத கடனுக்குத் தவணை கேட்டு வாசலில் ஆள் நிற்கிறது. துண்டுச் சீட்டு மறுபடியும் வந்துவிட்டதல்லவா?

அன்பானவர்களே, அந்த அட்டையிலுள்ள இலக்கம் வெறும் இலக்கமல்ல. அதிலே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஈசாக்கு செய்யத் தவறியதை நாம் செய்வோம்; பொறுத்திருந்து விசாரிப்போம்.

அட்டையின் பிரதியைக் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் எழுதிக் கொடுங்கள். விளங்காத படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி, ஆகவே அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டால், தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். உண்மையான வங்கி அதிகாரி அதைக் கேட்பதில்லை. வெளிநாட்டு வேலை என்று யாராவது வந்தால், பணமோ கடவுச்சீட்டோ கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். குருவானவரின் பெயரிலோ ஆயரின் பெயரிலோ பணம் கேட்டுச் செய்தி வந்தாலும், நேரில் விசாரிக்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். ஆட்டுத் தோலை அங்கியாகப் போர்த்தவும் திருடனுக்குத் தெரியும்.

சேமலாப நிதி கைக்கு வரும் வீடுகள் இன்னும் விழிப்பாயிருக்கட்டும். வாழ்நாளெல்லாம் மலையேறி இறங்கிச் சேர்த்த பணம் அது. அது வரும் நாளைச் சொந்தக்காரர் மறந்தாலும், ஆசைகாட்டுகிறவன் மறப்பதில்லை. ஆளைச் சேர்த்தால் பணம் பெருகும் என்னும் பிரமிட் திட்டங்கள் இந்நாட்டில் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உன் பெயரில் வங்கிக் கணக்கொன்றைத் திறந்து தா, சிம் அட்டை ஒன்றை எடுத்துத் தா, மாதம் இத்தனை ரூபாய் தருகிறேன் என்று ஒருவன் கேட்கிறான். நான் யாரையும் ஏமாற்றவில்லையே என்று உன் மனம் சமாதானம் சொல்லலாம். ஆனால் எங்கோ ஓர் ஏழையிடம் களவாடிய பணம் உன் கணக்கு வழியாகத்தான் போகிறது. ஏசாவின் உடையை எடுத்து யாக்கோபுக்கு உடுத்திவிட்டது ரெபேக்காவின் கை அல்லவா? பெயரை வாடகைக்கு விடுகிறவனுக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு. ஏழாம் கற்பனையும் எட்டாம் கற்பனையும் அங்கே சேர்ந்தே மீறப்படுகின்றன. பெரும்பாலும் பொலிஸ் முதலில் தட்டுவதும் உன் வீட்டுக் கதவைத்தான்.

ஏற்கெனவே ஏமாந்து, வெட்கத்தால் வாய் திறவாமல் இருக்கிறவர்களும் நம் நடுவில் இருக்கலாம். சகோதரியே, ஏமாற்றப்பட்டது உன் பாவமல்ல. ஏசா மறைந்து அழவில்லை. தகப்பன் முன் கூக்குரலிட்டு அழுதான். நீயும் பேசு. முதலில் உன் வீட்டாரிடம் சொல். பங்குத் தந்தையிடம் சொல். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியைப் பெற்றுக்கொள். அட்டை தொலைந்தாலும் இதுவே முதற்படி. பிறகு கிராம உத்தியோகத்தர் மூலம் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். உன் பெயரில் யாராவது கடன் பெற்றிருக்கிறார்களா என்பதை இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைப் பெற்று அறியலாம். குடும்பத்தாரே, ஏமாந்து வந்தவளைத் திட்டாதீர்கள். வீட்டில் திட்டு விழும் என்ற பயந்தான் ஏமாற்றுகிறவனுக்குக் கிடைக்கும் இரண்டாவது பூட்டு.

யாக்கோபின் கதை 27ஆம் அதிகாரத்தோடு முடியவில்லை. வீட்டைவிட்டு ஓடினான். ராகேல் என்று நம்பிய மணப்பெண் லேயாளாக இருக்கக் கண்டு மாமனிடம் ஏமாந்தான். ஆட்டுத் தோலால் தகப்பனை ஏமாற்றியவனை, முதுமையில் அவனுடைய சொந்த மக்களே ஆட்டு இரத்தம் தோய்த்த யோசேப்பின் அங்கியைக் காட்டி ஏமாற்றினார்கள். ஆனால் நடுவில் யாபோக்கு ஆற்றங்கரையில் ஓர் இரவு வந்தது. விடியும்வரை அவனோடு போராடியவர், அவன் பெயர் என்ன என்று கேட்டார். முன்பு தகப்பன் கேட்டபோது ஏசா என்றவன், இப்போது யாக்கோபு என்று உண்மையைச் சொன்னான். அதுவே அவனுடைய பாவசங்கீர்த்தனம். அப்பொழுதுதான் இஸ்ராயேல் என்ற புதிய பெயரையும், திருடாமலே கிடைத்த ஆசீர்வாதத்தையும் பெற்றான்.

ஞானஸ்நானத் தொட்டியருகே நமக்கும் ஒரு பெயர் கொடுக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் தவித்த பலருக்குப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடே துணைச் சான்றாக நின்றிருக்கிறது. அந்தப் பெயரை விற்காமலும், இரவல் கொடுக்காமலும், பிறர் பெயரைத் தொடாமலும் காப்போம். தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நல்ல ஆயன் நம்மைக் கூப்பிடும் நாளில், கூசாமல் பதில் சொல்லக்கூடிய பெயராக அது இருக்கட்டும். ஆமென்.