நம்பிக் கொடுத்த பணம்

கொடுத்தல், கொள்ளுதல் என்னும் இரண்டினால் இயங்குவது மாந்தர் வாழ்க்கை. கடைக்காரரிடம் பணம் கொடுத்துப் பண்டம் பெறுகிறோம்; அது விலை. இல்லாதவர்க்கு ஈகிறோம்; அது அறம். திரும்பப் பெறும் நோக்குடன் கொடுக்கிறோம், அது கடன். இம்மூன்றிலும் அடங்காத நான்காவது கொடை ஒன்று உண்டு. இன்னும் பிறவாத ஒரு பொருளுக்காக, அதைப் பிறப்பிப்போம் என்று சொல்வாரின் சொல்லை மட்டுமே நம்பிப் பலர் கூடி முன்னதாகக் கொடுக்கும் பணம் அது. அதற்கு யாது பெயர்? அதைக் கொண்டவர்க்கு யாது கடமை? இக்கேள்வியைச் சற்றே ஆராய விழைகிறோம்.

இக்கேள்வி நம் மனத்தில் எழுந்த வகை வேடிக்கையானது. தலைநகர் தில்லியில் நாம் வாழும் அரசுக் குடியிருப்பில், பலகை விளையாட்டுகளில் பேரார்வம் கொண்ட இளைஞர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் மாலை அவர் ஒரு பழைய விளையாட்டின் கதையைச் சொன்னார். கேட்கத் தொடங்கும்போது, ‘குழந்தைகள் ஆடும் ஆட்டத்தில் இத்துணைப் பூசலா!’ என்று நகைத்தோம். கேட்டு முடித்தபோது நகைப்பு நின்றுவிட்டது.

அவ்விளையாட்டின் பெயர் ‘ஹீரோகுவெஸ்ட்’. 1989 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மில்டன் பிராட்லி நிறுவனம், கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்னும் மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து அதை வெளியிட்டது. அதனை அமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். மறு ஆண்டு அது வட அமெரிக்காவிலும் பரவியது. வீரன், குள்ளன், வனதேவ இனத்தான், மந்திரவாதி என நால்வர் ஒரு பக்கம். தீய மாயாவியின் இடத்திலிருந்து ஆட்டத்தை நடத்துபவர் மறுபக்கம். பலகையெங்கும் நிலவறைகள். அவற்றுள் சிறு சிறு கதவுகளும், மேசைகளும், புத்தக அடுக்குகளும், பூதங்களும் வைக்கப்பட்டிருக்கும். எண்களுக்குப் பதிலாக மண்டையோடும் கேடயமும் பொறித்த பகடைகளை உருட்டிப் போர் செய்ய வேண்டும். பெட்டியோடு வந்த சாகசங்கள் 14. நம் தலைமுறையைச் சேர்ந்த மேனாட்டுச் சிறுவர் பலர் மழைக்கால மாலைகளில் அப்பலகையைச் சுற்றி அமர்ந்து வளர்ந்தனர்.

பின்னர் அந்த விளையாட்டு அச்சில் இல்லாமற் போயிற்று. சிறுவர்கள் பெரியவர்களாயினர். பழைய பெட்டிகளுக்கு யானை விலை, குதிரை விலை சொல்லப்பட்டது. ஆயினும் ஆசை அடங்கவில்லை. அந்நிலையில் 2013 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று, விளையாட்டின் 25 ஆம் ஆண்டு நிறைவையொட்டிப் புதுப்பதிப்புக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. விரும்புவோர் முன்பணம் செலுத்தலாம் என்றது. ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்ற அமெரிக்க நிதி திரட்டும் மேடையில் பணம் குவிந்தது. ஆனால் அப்பெயரின் வணிக உரிமையை அப்போது வைத்திருந்த வேறொரு பதிப்பகம் தடை எழுப்பவே, அம்முயற்சி அங்கே நிறுத்தப்பட்டது. நிறுவனம் சோர்ந்துவிடவில்லை, ஸ்பெயினிலேயே உள்ள மற்றொரு மேடைக்குச் சென்று மீண்டும் பணம் திரட்டியது. அன்பர்கள் மீண்டும் கொடுத்தனர். வாக்களித்த 2014 வந்தது, போயிற்று. விளையாட்டு வரவில்லை. அதன் பின்னும் ஆண்டுகள் பல உருண்டன.

அன்பர் கூட்டம் அப்போது மூன்றாகப் பிரிந்தது என்றார் இளைஞர். “நாங்கள் கொடுத்தது விலை. பொருளைத் தா, இல்லையேல் பணத்தைத் தா” என்றது ஒரு சாரார். “நாம் கொடுத்தது அன்பினாற் கொடுத்த நன்கொடை. கலைஞனை நெருக்காதீர்கள், வரும்போது வரும்” என்றது மற்றொரு சாரார். “இது ஒரு பந்தயம். தோற்றால் அழக்கூடாது” என்றனர் மூன்றாமவர். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத இவர்கள், ஒரே பழம்பொருளின்மீது கொண்ட காதலால் கூடியவர்கள், அதே காதலால் பகைவராயினர்.

கதை இத்துடன் முடியவில்லை. மில்டன் பிராட்லியை 1984 ஆம் ஆண்டிலேயே வாங்கிவிட்ட ஹாஸ்புரோ என்னும் பெருநிறுவனம், 2020 ஆம் ஆண்டு தன் அவலான் ஹில் பிரிவின் வாயிலாக இவ்விளையாட்டைத் தானே புதுப்பிக்க முன்வந்தது. அதுவும் முன்பணம் திரட்டித்தான். 10 இலட்சம் டாலர் சேர்ந்தால் விளையாட்டு உருவாகும். சேராவிடில் உருவாகாது, பணமும் தம்மிடம் நில்லாது என்பது ஏற்பாடு. இலக்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சேர்ந்தது. மறு ஆண்டே பெட்டிகள் இல்லங்களை அடைந்தன. மூல ஆசிரியராகிய ஸ்டீபன் பேக்கரும் அதற்கெனப் புதிய சாகசத் தொகுதி ஒன்றை எழுதித் தந்தார்.

இப்போதாவது பூசல் ஓய்ந்ததா? இல்லை. “கருவூலம் நிறைந்த செல்வருக்கு ஏழை அன்பரின் முன்பணம் எதற்கு?” என்று சிலர் கேட்டனர். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்புக்கு உரிய கற்பனைகள் புதுப்பதிப்பில் இடம்பெற இயலாமையால், ஃபிமிர் என்னும் ஒற்றைக்கண் பூதம் நீங்கி வேறொரு பூதம் வந்தது. சில பெயர்கள் மாறின. வனதேவ இனத்து வீரன் பெண்ணுருக் கொண்டான். “இது எங்கள் விளையாட்டே அன்று” என்றனர் சிலர். “பலகை அதே, பகடை அதே, கூடி அமரும் மகிழ்ச்சி அதே, வேறென்ன வேண்டும்?” என்றனர் வேறு சிலர்.

இவற்றுள் எது நியாயம்? மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நமக்கு, ‘அட்வான்ஸ்’ என்ற சொல் அன்றாடம் பழகியது. விடுமுறைப் பயணச் சலுகைக்கு முன்பணம் பெற்றவர், பயணம் முடிந்து திரும்பிய ஒரு மாதத்திற்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பெற்ற பணம் அவருடையது அன்று; கணக்கு முடியும்வரை அவர் கையில் தங்கியிருக்கும் பிறர் பொருள். கோப்புகளைப் புரட்டும்போது இவ்விதி வறட்டு விதியாகவே தோன்றும். அதனுள் ஓர் அறம் உறங்குவதை நாம் உணர்ந்தது கோப்பினால் அன்று, நம் பிழையினால்.

பல ஆண்டுகளுக்கு முன், குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் கற்பித்து வந்தோம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவர். எழுத்தென்றால் இந்தியும் ஆங்கிலமுமே அறிவர். அவர்களுக்கேற்ற எளிய வாசக நூல் ஒன்றை நாமே தொகுத்து அச்சிட விரும்பினோம். 32 குடும்பங்கள் ஆளுக்கு 150 ரூபாய் தந்தன. அச்சகத்தார்க்கு முன்பணம் கொடுத்தோம். அவர் தொழில் நொடித்து ஊரைவிட்டே போய்விட்டார், பணமும் போயிற்று. உண்மையை அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அடுத்த மாதம்” என்றோம். “தட்டச்சுப் பிழை திருத்துகிறோம்” என்றோம். நாளடைவில் சொல்வதற்குப் பொய்யும் கிட்டாமல், கொடுத்தவர்களைக் கண்டால் வழி மாறி நடக்கலானோம்.

ஒருநாள் காலை பால் வாங்கும் வரிசையில், பேரனுக்காகப் பணம் கொடுத்திருந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நம் கையைப் பற்றினார். “தம்பி, அந்த நூற்றைம்பது ரூபாயை நான் எப்போதோ மறந்துவிட்டேன். என்னைக் கண்டதும் நீங்கள் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறீர்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை” என்றார். குரலில் சினம் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது.

அடுத்த ஞாயிறு, நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி, வரவும் செலவும் இழப்பும் காட்டி, வகுப்பறைக் கதவில் ஒட்டினோம். மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்தோம். பலர் வாங்க மறுத்தனர், சிலர் வாங்கிக்கொண்டனர். ஒரு குடும்பத்தார் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பிள்ளையையும் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டனர். அவர்கள்மீது நமக்கு வருத்தமில்லை. அவர்கள் இழந்தது 150 ரூபாய் அன்று என்பதை அறிவோம்.

அந்த அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டு நோக்கினால், அன்பர் கூட்டத்தின் மூன்று கட்சியும் முழு உண்மை பேசவில்லை என்றே நமக்குப் படுகிறது. அது வெறும் விலையன்று. விலையாயின் எதிரில் பண்டம் இருக்க வேண்டும். வெறும் நன்கொடையும் அன்று. கொடுத்தவர் ஒன்றை எதிர்பார்த்தே கொடுத்தார். பந்தயமும் அன்று, பந்தயத்தில் எதிரி உண்டு, இங்கே இருசாராரும் ஒரே முடிவை விரும்பினர். அது அடைக்கலப் பொருள். ஒருவர் வைத்த நம்பிக்கை, பணவடிவில் மற்றொருவர் கையில் தங்குகிறது. அடைக்கலம் பெற்றவர் தோற்கலாம். தோல்வி குற்றமன்று, தொழில் நொடிக்கும், உரிமைத் தகராறு எழும், காலம் தாழும். ஆனால் தோல்வியை மறைத்தல் குற்றம். வள்ளுவர் வாய்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்தது வழக்காடு மன்றத்துக்காக மட்டும் அன்றே!

கணக்குக் காட்டிக் கொண்டவர்க்கு உலகம் கொடுத்த பெருமையைப் பாருங்கள். நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் எழுப்பப் பணமின்றித் திகைத்தபோது, 1885 ஆம் ஆண்டு ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில் மக்களிடம் வேண்டினார். எவ்வளவு சிறிய தொகையாயினும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார், அச்சிட்டார். 1,00,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தோருட் பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்த எளியவர்கள். நம் நாட்டிலும் 1976 ஆம் ஆண்டு, குஜராத்தின் பால் உற்பத்தியாளர் 5,00,000 பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து, ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ திரைப்படம் உருவாக வழி செய்தனர். கிராமங்களிலிருந்து வண்டிகளில் வந்திறங்கித் தம் படத்தைத் தாமே கண்டனர். 1887 ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும், அச்சாகும் முன்னரே கையொப்பமிட்டு ஆதரவு தந்த அன்பர்களின் துணையை நாடியவரே. மேடை புதிது, முறை பழையது.

செல்வர் முன்பணம் கேட்பது தகுமா என்ற கேள்விக்கும் இதனுள் விடை உண்டு. கேட்பவர் செல்வரா எளியவரா என்பது முதற்கேள்வியன்று. தம் இழப்பச்சத்தைக் கொடுப்பவர் தோளில் ஏற்றுகிறாரா என்பதே கேள்வி. எல்லை சொல்லி, நாள் சொல்லி, சேராவிடில் பணம் தம்மிடம் நில்லாது என்று சொல்லிக் கேட்டவரைப் பேராசைக்காரர் என்று இகழலாம். ஏமாற்றினார் என்று கூறவியலாது. எனினும் பொருள் படைத்தவர் அன்பரின் ஏக்கத்தையே முதலாக்கும்போது, நாம் சற்று முகம் சுளிப்பதும் இயல்பே. சட்டம் பிழையென்று சொல்லாத பலவற்றை மனம் ஒப்புவதில்லை.

இனி, மாற்றம் பற்றிய பூசல். பழையதை அப்படியே திருப்பித் தருவதாகச் சொல்லி மாற்றினால் அது வஞ்சனை. மாற்றுகிறோம் என்று சொல்லி மாற்றினால் அது மரபு. மில்டன் பிராட்லியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடிய பரமபதம், இந்திய மண்ணிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. அதனை அந்நிறுவனம் 1943 ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுவர்க்காகப் பாம்புகளை நீக்கிச் சறுக்கு மரங்களாக்கி வெளியிட்டது. பாம்பு போயிற்று, நற்செயல் ஏற்றும், தீச்செயல் இறக்கும் என்னும் கருத்துப் போகவில்லை. அங்குள்ள குழந்தைக்கு அதுவே மெய்யான விளையாட்டு. ஃபிமிர் நீங்கியதற்கு வருந்தும் அன்பரின் துயர் நமக்குப் புரிகிறது. ஆயினும் அவர் தேடுவது பூதத்தையன்று, பூதத்துக்கு அஞ்சிய பத்து வயதை. அதனை எந்த நிறுவனமும் எத்துணைக் கோடி திரட்டினும் வார்த்துத் தர இயலாது.

பிறந்த மண்ணைவிட்டுப் பிழைக்க வந்து, பிற மொழிகளுக்கிடையே வாழும் நம் குடும்பங்கள் இதனை எளிதில் உணரும். கோயில் கட்ட, நூல் அச்சிட, விழா நடத்த, இம்மலரையே வெளிக்கொணர நாம் ஆளுக்குச் சிறிது முன்கூட்டிக் கொடுத்தே வந்திருக்கிறோம். விட்டு வந்த ஊரை மீண்டும் எழுப்பும் ஆசையும் அக்கொடையில் கலந்திருக்கிறது. அந்த ஊர் அப்படியே திரும்பி வராது. வருவது மாறியே வரும். அதற்காக வருந்தவேண்டா. ஆனால் பணத்தைக் கையில் வாங்கியவர், அது பேரனுக்காக ஒரு தாத்தா கொடுத்த ரூபாய் என்பதை மறவாதிருக்க வேண்டும். செய்ய இயன்றால் செய்யட்டும். இயலாவிடில், பால் வரிசையில் நின்று முகம் பார்த்து, “ஐயா, இயலவில்லை” என்று சொல்லட்டும்.

நாம் தொகுத்த அவ்வாசக நூல் இன்றுவரை அச்சேறவில்லை. கையெழுத்துப் படி நம்மிடமே இருக்கிறது. என்றேனும் அதனை அச்சிட மீண்டும் முன்பணம் கேட்க நேர்ந்தால், முதலில் அந்தப் பெரியவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.